தோட்டத்துத் திடலிலிருந்து சனியும் வியாழனும்: தொலைநோக்கி வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

தொலைநோக்கி பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்து ஸ்டாண்டைத் திருப்பு, குழாயை வெளியே வைத்து ஒரு மணி நேரம் ஆறவிடு, கையுறை போட்டுக்கொள் என்று போகும். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நின்றுகொண்டு அதைப் படித்தால் பாதிக்குப் பாதி உதவாது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 5 பாகை உயரம்தான் எழும்பும், அதாவது செம்பனை மட்டைக்கும் மலைக்கும் பின்னால் எங்கோ ஒளிந்து கிடக்கும். அதை நம்பி எந்த வேலையும் ஆகாது.

பதிலுக்கு நமக்குக் கிடைத்திருப்பது பெரிது. கோள்கள் எல்லாம் ராசி மண்டலத்தை ஒட்டியே நகர்கின்றன, அந்தப் பாதை நம் தலைக்கு மேலே போகிறது. 2018இல் சனி தனுசுவில் இருந்தபோது லண்டன்காரருக்கு அது 16 பாகை உயரத்துக்கு மேல் ஏறவே இல்லை, தடிமனான காற்றுப் படலத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய நிலைமை. அதே சனி நமக்கு 62 பாகையில் நின்றது. விலையுயர்ந்த கருவி வைத்திருக்கும் வடநாட்டுக்காரரைவிட ஒரு சாதாரண ஆறு அங்குலக் கருவியோடு நாம் நன்றாகப் பார்க்கும் இரவுகள் உண்டு. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க நம் ஊர் வானத்துக்கும் நம் ஊர் ஈரத்துக்கும் ஏற்ற மாதிரி.

காசு செலவழிக்கும் முன்பு

முதல் இரண்டு மாதம் எதுவும் வாங்காதீர்கள். வெறும் கண்ணால் வானத்தைப் பழகுங்கள், கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. ஊரைச் சரியாகக் குறித்துவிட்டால் இந்த நிமிடம் எந்தக் கோள் எந்தத் திசையில், எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று காட்டிவிடும். திரையைச் சிவப்பு நிறத்துக்கு மாற்றும் வசதியும் அதில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால்தான் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு வாட்சப் செய்தியைத் திறந்தால் அவ்வளவும் போச்சு.

அடுத்த உதவி வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. தமிழ் நாட்காட்டியில் திதி பார்க்கலாம்: வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமி வரை நிலா பார்க்க நல்ல நாள்கள், அமாவாசையை ஒட்டிய இரவுகள் நட்சத்திரக் கூட்டங்களுக்கு. தைப்பூசம் பௌர்ணமி, அன்று மங்கலான எதையும் தேடாதீர்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டித்தான் வரும், ஆனால் பட்டாசுப் புகையில் வானம் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம் சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி. பலனை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், இடம் காட்ட அது போதும். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்தே ராசியைக் கணக்கிடுவதால் சனி மீனத்தில் என்று போட்டிருந்தால் வானத்திலும் மீனத்தின் பக்கம் பார்த்தால் போதும். வியாழன் சூரியனைச் சுற்ற 12 ஆண்டு, அதனால் ராசிக்கு ஓர் ஆண்டு. சனிக்கு 29 ஆண்டு 6 மாதம் அளவில், அதனால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. ராகு கேதுவை மட்டும் தேட வேண்டாம், அவை நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள், எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது.

கோளையும் நட்சத்திரத்தையும் பிரித்தறிய எளிய வழி, கோள் பொதுவாக மினுக்காது. விடியற்காலை ஐந்து மணிக்கு நெற்றி விளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, விடிவெள்ளி எந்தப் பக்கம் முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் மரம் சீவியவர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள், செயலியைவிட வேகமாகக் கையை நீட்டுவார்.

எங்கே நிற்பது

தாமானில், அதாவது ஊர்க் குடியிருப்பில், வீட்டு வாசலிலேயே நிலாவும் வியாழனும் சனியும் பார்க்கலாம். இதைப் பலர் நம்ப மாட்டார்கள். தெரு விளக்கு வெளிச்சம் மங்கலான பொருள்களைத்தான் விழுங்கும், பிரகாசமான கோள்களை அது ஒன்றும் செய்யாது. விளக்கு நேராகக் கண்ணில் அடிக்காமல் வேனின் நிழலிலோ சுவர் ஓரத்திலோ நின்றால் போதும்.

தகரக் கூரைக்கு மேலாகப் பார்ப்பதை மட்டும் தவிருங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கூரையும் தார்ச் சாலையும் இரவு பத்து மணி வரைக்கும் சூடான காற்றை மேலே விட்டுக்கொண்டிருக்கும், அதன் வழியே பார்த்தால் வியாழன் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளியும். புல்தரை நல்லது. தோட்டத்துப் பந்துத் திடல் எல்லாவற்றிலும் நல்லது, நான்கு பக்கமும் மரம் தள்ளி நிற்கும், தரை சமம், வண்டி உள்ளே வரும். காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்ட பழைய பெரட்டுக்களம் இன்னும் திறந்தவெளியாகக் கிடந்தால் அதுவும் சரிதான், சிமெண்டுத் தரையாக இல்லாத பக்கமாகப் பாருங்கள்.

தோட்டத்துக்குள் போவதென்றால் முதலில் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை. செம்பனைக் குலை திருட்டு நடக்கும் காலம் இது, நள்ளிரவில் ஒரு காரும் குழாய் மாதிரி ஏதோவும் இருளில் நிற்பதைப் பார்த்தால் காவலுக்கு இருக்கும் ஜாகா என்ன நினைப்பார்? முன்கூட்டியே சொல்லி, முதல் நாள் அந்த ஜாகாவுக்கே சனியைக் காட்டிவிட்டால் அதற்குப் பிறகு தொல்லையே இல்லை. கோயில் திடலென்றால் கோயில் கமிட்டியிடம் கேட்டு, முன்பக்க விளக்கை மட்டும் ஒரு மணி நேரம் அணைத்துவைக்கச் சொல்லலாம்.

எலி அதிகம் என்பதால் செம்பனைக் காட்டில் நாகப்பாம்பும் அதிகம். முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள், மட்டை குவித்துக் கிடக்கும் வரிசை ஓரம் கால் வைக்காதீர்கள். சுங்கை சிப்புட்டை அடுத்த லாசா பக்கம் காட்டை ஒட்டிய தோட்டங்களில் யானை நடமாட்டம் உண்டு, அங்கே இரவில் தனியாகப் போவது வேண்டவே வேண்டாம். கொசுவத்தியைத் தொலைநோக்கிக்குக் காற்று வரும் பக்கம் வைக்கக் கூடாது, புகை கண்ணாடியில் படியும். கொசு மருந்து தடவிய கையோடு ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக் குழலை, தொடவும் கூடாது, டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

திசை பற்றி ஒன்று. சுங்கை சிப்புட்டுக்குத் தெற்கே ஈப்போவின் வெளிச்சம் எழும்பி நிற்கிறது, கிழக்கே மலைத்தொடர். தாப்பா, பீடோர் பக்கம் இருப்பவர்களுக்கு ஈப்போ வடக்கே போய்விடுவதால் தெற்கு வானம் இதைவிட மேல். கோள் பார்க்க இது தேவையில்லாத கவலை, பின்னால் சொல்லப்போகும் தெற்கத்திய நட்சத்திரக் கூட்டங்களுக்குத்தான் கணக்கு.

எதை வாங்குவது

முதலில் ஒரு பைனாகுலர், 7×50 அல்லது 10×50. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். சில நூறு ரிங்கிட்டில் முடிந்துவிடும். கார்த்திகைக் கூட்டம், நிலாவின் பள்ளங்கள், கையைச் சுவரில் ஊன்றி ஆடாமல் பிடித்தால் வியாழனின் நிலவுகள்கூட இதில் தெரியும். வானம் பிடிக்காமல் போனாலும் பறவை பார்க்க உதவும், காசு வீணில்லை.

தொலைநோக்கிக்கு வருவோம். இணைய அங்காடியிலும் பொம்மைக் கடையிலும் 525 மடங்கு என்று பெட்டியில் பெரிதாகப் போட்ட ஒன்று விற்கும், 76 மில்லிமீட்டர் கண்ணாடி, 700 மில்லிமீட்டர் குவியத் தூரம் (கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம்), மெலிந்த மூன்று கால். அந்த 525 எப்படி வந்தது? மடங்கு என்பது தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. 700ஐ 4 மில்லிமீட்டர் ஐபீஸால் வகுத்தால் 175, அதன்மேல் மூன்று மடங்கு பார்லோ வில்லை ஒன்றைச் சொருகினால் 525. கணக்கு சரி, படம்தான் வராது. எந்தக் கருவிக்கும் பயன்படும் உச்ச மடங்கு அதன் விட்டத்து மில்லிமீட்டரைப்போல் இரண்டு மடங்குதான், 76க்கு ஏறக்குறைய 150. அதற்கு மேல் போனால் மங்கலான ஒரு பூசணம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே மடங்கை விளம்பரம் செய்யும் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். பார்க்க வேண்டிய எண் விட்டம் ஒன்றே.

என் தேர்வு ஆறு அங்குல, அதாவது 150 மில்லிமீட்டர் டாப்சோனியன், 1200 மில்லிமீட்டர் குவியத் தூரம். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும், ஆனால் பத்து வருடம் ஓடும், மின்சாரம் கேட்காது. பலகைப் பெட்டியின் மேல் ஒரு குழாய், கையால் தள்ளினால் திரும்பும், மேலே கீழே சாயும், வேறு எதுவும் இல்லை. இதை உருவாக்கியவர் ஜான் டாப்சன், சான்பிரான்சிஸ்கோவில் 1944இலிருந்து 1967 வரை ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்தவர். துறவியிடம் காசு ஏது, கிடைத்த பழைய கண்ணாடியைத் தேய்த்துக் கிடைத்த அட்டைக் குழாயில் வைத்துத் தெருவோரம் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். மடத்துக்குள் இந்த வேலை பிடிக்காமல் போய்த்தான் வெளியே அனுப்பப்பட்டார். தோட்டத்து வானத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது என்பது என் எண்ணம்.

இதே விலைக்கு ஈக்வடோரியல் மவுண்ட் என்ற சாய்ந்த தண்டுள்ள ஸ்டாண்டோடு ஒன்றைக் கடைக்காரர் காட்டலாம், எடைக்கல் எல்லாம் தொங்கும், பார்க்க விஞ்ஞானமாக இருக்கும். அதை ஒழுங்காக வைக்கத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும், நமக்குத் தெரியாது. 5 பாகைக்கு அந்தத் தண்டைக் கிட்டத்தட்டப் படுக்கப்போட வேண்டும், மலிவான மவுண்ட்களில் பல அவ்வளவு கீழே இறங்காது, இறங்கினாலும் எடைக்கல் காலில் இடிக்கும். படம் எடுக்கும் ஆசை வந்தபின் அதைப் பற்றி யோசிக்கலாம்.

டாப்சோனியனுக்கும் நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்க மாட்டேன். நேர் உச்சியில் நிற்கும் பொருளை அதில் தொடர்ந்து பிடிப்பது கஷ்டம், குழாய் செங்குத்தாக நிற்கும்போது பக்கவாட்டில் தள்ளினால் அதே இடத்தில் சுழலுமே தவிரப் பொருளின் பின்னால் போகாது. நம் தலைக்கு மேலேதான் கோள்கள் போகின்றன. வழி இருக்கிறது: உச்சிக்கு வரும் ஒரு மணி நேரம் முன்பே பாருங்கள், அல்லது தாண்டியபின் பாருங்கள். 50, 60 பாகை உயரமே தாராளம்.

ஐபீஸ் கூட வரும் இரண்டு, பெரும்பாலும் 25 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும், 48 மடங்கும் 120 மடங்கும் தரும். ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

பகலிலேயே முடிக்க வேண்டிய வேலை

குழாயின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் சின்னக் கருவிதான் ஃபைண்டர். அதைச் சரிசெய்யாமல் இரவில் வெளியே தூக்கிப் போகிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே கருவியை அலமாரிக்கு மேல் ஏற்றுகிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே, சூரியன் இல்லாத திசையில், தூரத்தில் அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செம்பனை ஆலையின் புகைபோக்கி முனை, கைப்பேசிக் கோபுரம், கோயில் கோபுரத்துக் கலசம் எதுவும் சரி, அரைக் கிலோமீட்டராவது தள்ளி இருக்கட்டும். 25 மில்லிமீட்டர் ஐபீஸில் அது நட்ட நடுவில் வரும்வரை குழாயைத் தள்ளுங்கள். பிறகு குழாயை அசைக்காமல் ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதன் சிவப்புப் புள்ளி அல்லது குறுக்குக் கோடு அதே முனையில் நிற்கும்படி செய்யுங்கள். 10 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டு இன்னொரு முறை. படம் தலைகீழாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடித் தொலைநோக்கி அப்படித்தான் காட்டும், வானத்தில் மேல் கீழ் கிடையாது.

கண்ணாடிகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும், கோலிமேஷன் என்பார்கள். ஐபீஸ் இல்லாமல் அந்தத் துளை வழியே பார்த்தால் வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று மையமாக அமைந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அடிப்பக்கத்துத் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரலாம். கல்லும் குழியுமான தோட்டச் சாலையில் வண்டியில் எடுத்துப் போனால் ஒவ்வொரு தடவையும் இது தேவைப்படும்.

சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். நொடிக்கும் குறைவான நேரத்தில் கண் போய்விடும், வலிக்காமலே போய்விடும். சில மலிவுப் பெட்டிகளில் ஐபீஸில் திருகிப் போடும் சூரிய ஃபில்டர் என்று கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும், அது சூட்டில் வெடிக்கும், இன்றைக்கே குப்பையில் போடுங்கள். பகலில் கருவியைக் குழந்தைகள் எட்டும் இடத்தில் மூடாமல் வைக்கவும் கூடாது.

முதல் இரவு

நிலாவோடு தொடங்குங்கள். பௌர்ணமி நிலா வேண்டாம், அதில் நிழலே இருக்காது, வெள்ளைத் தட்டு ஒன்று கண்ணைக் கூசும். அஷ்டமி வாக்கில் பாதி நிலா இருக்கும்போது வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள், அங்கே சூரியன் அப்போதுதான் உதிக்கிறது, பள்ளங்களின் விளிம்பும் மலை முனைகளும் நீண்ட நிழலோடு எழும்பி நிற்கும். 25 மில்லிமீட்டரில் ஆரம்பித்துப் பிறகு 10. எப்போதும் இந்த வரிசைதான், முதலில் குறைந்த மடங்கில் கண்டுபிடித்து நடுவில் வைத்து, அப்புறம் மடங்கைக் கூட்டுவது.

பூமி சுழல்வதைக் கண்ணாலேயே காணலாம். 120 மடங்கில் ஒரு பொருள் ஐபீஸின் ஒரு விளிம்பில் நுழைந்து ஒன்றரை நிமிடம் சொச்சத்தில் மறு விளிம்பில் வெளியேறிவிடும். தள்ளித் தள்ளிப் பின்தொடரப் பழக வேண்டும், இரண்டு மூன்று இரவில் கை தானாகச் செய்யும். பொருளை விளிம்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்து, அது நடுவைக் கடக்கும் நேரத்தில் ஆடாமல் பார்ப்பது நல்ல வழக்கம்.

கோள்கள்

எப்போது பார்ப்பது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கோள் பூமிக்குச் சூரியனின் நேர் எதிர்ப்பக்கம் வரும் நாளில் அது நமக்கு மிக அருகில், இரவு முழுதும் தெரியும். வியாழனுக்கு 13 மாதத்துக்கு ஒரு முறை, சனிக்கு ஓர் ஆண்டு இரண்டு வாரம், செவ்வாய்க்கு 26 மாதம். 2026இல் சனிக்கு அந்த நாள் அக்டோபர் 4. 2027 பிப்ரவரியில் வியாழன், செவ்வாய் இரண்டுக்கும் பத்து நாள் இடைவெளியில் வருகிறது. ஆனால் அந்த நாளில் கோள் உச்சிக்கு வருவது நடு இரவு 12 மணிக்கு என்று புத்தகம் சொல்லும், பேராக்கில் அது ஒன்றே கால் மணி வாக்கில். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டு, நம் உண்மையான சூரிய நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது அந்த நாளுக்கு இரண்டு மாதம் கழித்து: மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிடுவதால் அப்போது இரவு ஒன்பது, ஒன்பதரைக்கே கோள் உச்சியில் நிற்கும். நமக்குச் சூரியன் ஏழு, ஏழரைக்கு மறைந்து எட்டே கால், எட்டே முக்காலுக்குத்தான் முழு இருட்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வியாழன்தான் அள்ளிக் கொடுக்கும் கோள். 40 மடங்கில் அது வெறும் கண்ணுக்குத் தெரியும் பௌர்ணமி நிலா அளவு இருக்கும், சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சுற்றிலும் கறுப்பு வானம் இருப்பதால் சின்னதாகத் தோன்றும். நடுவே இரண்டு பழுப்புப் பட்டைகள், பக்கத்தில் ஒரே வரிசையில் நான்கு புள்ளிகள் வரை. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது இவற்றைத்தான், எல்லாம் பூமியையே சுற்றுகிறது என்ற வாதத்துக்கு அடி விழுந்ததும் இதனால்தான். உள்ளே இருக்கும் அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும், இரவு ஒன்பதுக்கு ஒரு படம் வரைந்து வைத்துவிட்டுப் பதினொன்றுக்குப் பார்த்தால் இடம் மாறியிருப்பது தெரியும். சில நாள் நிலவொன்றின் நிழல் மையிட்ட கரும்புள்ளியாக வியாழன் முகத்தில் நகரும். பெரிய சிவப்புப் புள்ளியைப் பார்க்க ஆசைப்பட்டால் அது நம் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தைச் செயலியில் பாருங்கள், வியாழன் 10 மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு முறை சுழல்வதால் தவறவிட்டாலும் அதே இரவில் இன்னொரு வாய்ப்பு கிடைக்கலாம். படங்களில் வரும் செக்கச்சிவப்பை எதிர்பார்க்காதீர்கள், வெளிறிய சால்மன் நிறம்.

சனி. இதைப் பார்த்ததும் குழாய்க்குள் படம் ஒட்டியிருக்கிறதா என்று முன்பக்கம் போய்ப் பார்க்கிறவர்கள் உண்டு. 30 மடங்கிலேயே வளையம் இருப்பது புரியும், 120இல் தெளிவு. ஆனால் இந்த ஆண்டுகளில் ஓர் எச்சரிக்கை. 2025 மார்ச்சில் வளையம் விளிம்பு மட்டும் நம்மை நோக்கும்படி வந்தது, அகலம் இல்லாத கோடாகிவிட்டது. 1612இல் இதே நிலை வந்தபோது, இரண்டு வருடம் முன்பு தான் பார்த்த பக்கக் காதுகள் காணாமல்போய்க் கலிலியோவே திகைத்தார், அது வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் விளக்க 1659 ஆனது. இப்போது மெல்லத் திறந்துகொண்டு வருகிறது, 2032 வாக்கில் முழு அகலம். ஆகவே 2026இல் பார்க்கிறவருக்கு ஒல்லியான வளையம்தான், வளையத்தைப் பிரிக்கும் காசினி இடைவெளி சரியாகத் தெரிய இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் தெரியும் புள்ளி பெரும்பாலும் டைட்டன், 16 நாளில் ஒரு சுற்று.

செவ்வாயைப் பற்றி அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள். 26 மாதத்துக்கு ஒரு முறை அருகில் வந்தாலும் எல்லா அருகும் ஒன்றல்ல. 2018 ஜூலையில் வந்ததைவிட 2027 பிப்ரவரியில் அதன் குறுக்களவு பாதியைச் சற்றே தாண்டும். வெள்ளைத் துருவத் தொப்பியும் ஒரு கரிய திட்டும் தெரிந்தால் வெற்றி. நல்ல செவ்வாய்க்கு 2035 வரை பொறுக்க வேண்டும்.

வெள்ளியில் மேற்பரப்பு எதுவும் தெரியாது, மேகம் மூடிய கோள். அதன் பிறை வடிவம்தான் காட்சி. 2026 ஆகஸ்டில் மாலை வானத்தில் பாதி நிலாவாக இருக்கும், செப்டம்பர் கடைசிக்குள் மெலிந்து பெரிய பிறையாகிவிடும். சூரியன் முழுதாக மறைந்த பிறகு, ஆனால் வானம் நன்றாக இருட்டும் முன்பு பாருங்கள், இருட்டினால் கூச்சம் தாங்காது. புதன் அடிவானத்தை ஒட்டியே திரியும், நம் ஊரில் செங்குத்தாக ஏறி இறங்குவதால் குளிர்நாட்டைவிடப் பிடிப்பது சுலபம். யுரேனஸ் கார்த்திகைக்கு அருகே பச்சை கலந்த ஒரு சின்ன வட்டம், நெப்டியூன் அதைவிட ஏமாற்றம்.

எதைப் பார்த்தாலும் ஐபீஸில் கண்ணைப் பத்து நிமிடமாவது வையுங்கள். முதல் நொடியில் தெரிவது கால்வாசிதான். காற்று ஒரு கணம் அடங்கும்போது மட்டும் பட்டைகளின் ஓரம் கூர்மையாகும், மறுபடி கலங்கும், அந்தக் கணத்துக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி 200 ரிங்கிட் ஐபீஸைவிட அதிகம் காட்டும்.

மழை, புகைமூட்டம், காற்று

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் மாலை இடிமழை வழக்கம். சோர்ந்துபோக வேண்டாம், பல நாள் எட்டு மணிக்குக் கொட்டி நின்று பதினொன்றுக்கு வானம் கழுவிவிட்டது போலத் திறக்கும். ஜூன், ஜூலையும் ஜனவரி, பிப்ரவரியும் ஓரளவு நல்ல மாதங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றில் சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வரலாம். லேசான புகைமூட்டத்தில் நட்சத்திரம் செத்துப்போகும், கோள் சாகாது. அந்த இரவுகளில் காற்று அசையாமல் நிற்பதால் சனி வழக்கத்தைவிடக் கூர்மையாகத் தெரிவதும் உண்டு. தொண்டை எரியும் அளவுக்கு அடர்ந்தால் மட்டும் வீட்டிலேயே இருங்கள்.

நட்சத்திரங்கள் வேகமாக மினுக்கும் இரவில் மடங்கைக் கூட்டாதீர்கள், 48உடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோள் இல்லாத இரவு

எல்லாக் கோளும் சூரியன் பக்கம் ஒதுங்கிய வாரங்கள் வரும். அப்போது ஏப்ரலிலிருந்து ஜூன் வரை தெற்கே பார்க்கலாம். தென்சிலுவை 25 பாகை உயரத்தில் நிற்கும், அதன் இடப்பக்கம் ஆல்பா சென்டாரி, ஆறு அங்குலத்தில் இரண்டு நட்சத்திரமாகப் பிரியும். இன்னும் மேலே ஒமேகா சென்டாரி, ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம், ஐரோப்பாவில் பெரும்பாலானவர்களால் பார்க்கவே முடியாதது. ஜூலையில் கேட்டைக்கு அப்பால் மூலத்தை ஒட்டி இரண்டு சிதறிய கூட்டங்கள், பைனாகுலருக்கே விருந்து. ஆடி மாதம் விடியற்காலையில் கார்த்திகையும் ரோகிணியும் ஏற்கெனவே கிழக்கே ஏறி நிற்கும். கல்யாணத்தில் பகலில் கையைக் காட்டி விடுகிறோமே அந்த அருந்ததியை ஏப்ரல், மே இரவுகளில் வடக்கே சப்தரிஷி வாலில் உண்மையாகவே தேடுங்கள், பக்கத்து வசிட்டரைத் தொலைநோக்கியில் பார்த்தால் அவரே இரண்டாகப் பிரிவார்.

பெரிய கருவிகள் பார்க்க விருப்பமிருந்தால் கோலாலம்பூர் தேசியக் கோளரங்கம், பினாங்கு பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் வானியல் மையம், லங்காவியில் தேசிய வானாய்வகம் இருக்கின்றன, போகும் முன்பு திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பனியும் பூஞ்சையும்

இங்கே தொலைநோக்கியைக் கொல்வது ஈரம். குளிர்சாதன அறையில் வைத்திருந்த குழாயை வெளியே எடுத்தால் அந்த நிமிடமே கண்ணாடி முழுக்க வியர்க்கும். காற்றாடி ஓடும் சாதாரண அறையில் வையுங்கள், அப்படி வைத்தால் வெளியே ஆறவிட வேண்டிய நேரமும் குறையும். நள்ளிரவுக்குப் பிறகு பனி இறங்கும்போது முதலில் மங்குவது ஃபைண்டரும் ஐபீஸும்தான். ஐபீஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் உடம்புச் சூட்டில் மங்காது. குழாய் வாயில் உடற்பயிற்சிப் பாயை வெட்டிச் சுருட்டி ஓர் அடி நீளத்துக்கு மாட்டினால் இன்னும் இரண்டு மணி நேரம் கிடைக்கும். மங்கிய கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது, தானாகக் காயட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மூடி போடாதீர்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வலை பின்னும், கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. அறைக்குள் நன்றாகக் காய்ந்த பிறகு, மறுநாள் காலையில் மூடினால் போதும். ஐபீஸ்களையும் பைனாகுலரையும் மின்சார டிரை பாக்ஸில், ஈரப்பதம் 40இலிருந்து 50 விழுக்காட்டுக்குள் வைக்கலாம். அது இல்லையென்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம், அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பெரிய கண்ணாடியில் தூசி படிந்திருப்பதைப் பார்த்து உடனே கழுவக் கிளம்ப வேண்டாம், கொஞ்சம் தூசியால் படம் கெடாது, அடிக்கடி கழுவினால் பூச்சு கெடும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, வடித்தெடுத்த நீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும், தேய்க்காமல்.